பின்வாங்கும் கை

‘டாய் ஸ்டோரி 3’ (2010) படத்தின் உச்சம் எரியுலைக் காட்சி என்பார்கள். எனக்கு அது பிறகுதான் வருகிறது. கல்லூரிக்குக் கிளம்பும் ஆண்டி, பொம்மைகளை ஒவ்வொன்றாகக் குணம் சொல்லிச் சிறுமி பானியிடம் கொடுக்கிறான். உடி என்ற பொம்மையை அவள் தொட வரும்போது மட்டும் அவன் கை தானாகப் பின்வாங்குகிறது. என்ன அருமையான நடிப்பு, கணினியில் வரைந்த உருவத்திடம்! 1995இல் வந்த முதல் படத்தில் சிறுவனாக ஆண்டிக்குக் குரல் தந்த ஜான் மோரிஸே இதிலும் பேசுகிறார். அந்தக் குரல் நிஜமாகவே வளர்ந்த குரல்.

சிங்கப்பூரில் இப்படம் இன்னும் ஆழமாக இறங்கும். 18 வயதையொட்டி மகன்கள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். பெற்றோரும் படகேறி புலாவ் தெக்கோங் தீவின் பயிற்சி முகாமுக்குச் சென்று, உணவுக்கூடத்தில் கூடவே சாப்பிட்டு, பிள்ளையை விட்டுத் திரும்புகிறார்கள். காலி அறையைப் பார்த்து ஆண்டியின் அம்மா திகைப்பதை தேக்காவின் எந்த அம்மாவுக்கும் விளக்க வேண்டியதில்லை.