பைக்குள் ஒரு வயல்

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த விலையைக் கண்டு மிரண்டு, அன்றைக்கே மாடியில் தக்காளி விதை போட்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாற்றுக்கு 25 நாள், பிடுங்கி நட்டபின் ஏறக்குறைய 2 மாதம். அவர் செடி பழுக்கும் முன்பே, செப்டம்பரில் சந்தை விலை சரிந்துவிட்டது.

காய்கறிச் செலவு மிச்சமாகும் என்பதுதான் மாடித் தோட்டத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம். அதன் பலவீனமான காரணமும் அதுவே. நன்றாகப் பராமரித்தாலும் ஒரு பையிலுள்ள தக்காளிச் செடி பருவம் முழுவதும் சேர்த்து 2, 3 கிலோ கொடுத்தால் பெரிது. தினமும் சாம்பார், ரசம் வைக்கும் வீட்டுக்கு அது எந்த மூலைக்கு?

ஆனாலும் நகரவாசிகள் இதில் இறங்க அரசு கைகொடுத்தது நல்ல காரியம். தோட்டக்கலைத் துறை 2021-22இல் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளையை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தது. அந்தத் தொகுப்பில் 6 பைகள், தலா 2 கிலோ எடையில் 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகை விதைகள், உயிர் உரங்கள், பூச்சிக்கு வேப்பெண்ணெய் சார்ந்த மருந்து, ஒரு கையேடு. முன்பின் மண்ணைத் தொடாதவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிவிடலாம்.

மண்ணுக்குப் பதில் நார்க்கழிவைத் தேர்ந்ததிலும் அறிவு இருக்கிறது. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பையில் சுமார் 20 லிட்டர் மண் பிடிக்கும். செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 35 கிலோவை நெருங்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கினால் போதும் என்பதே கட்டடச் சுமைக்கான ஐ.எஸ். 875 விதியின் கணக்கு. 4 பைகளிலேயே அது ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. நெருக்கியடித்து 9 பை வைத்தால் 300 கிலோவைத் தாண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்த விளையாட்டே கூடாது. நார்க்கழிவு இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கிறது, தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சிக்கலும் அதே நார்க்கழிவில்தான். அதில் சாம்பல் சத்து உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் பெயருக்குத்தான். சரியாகக் கழுவாத கட்டியில் உப்பு வேறு. தளையோடு வரும் பாஸ்போபாக்டீரியா, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர். கரைக்க ஏதாவது இருந்தால்தானே கரைக்கும்? மண்புழு உரமோ மட்கிய சாணமோ கலக்காமல் வெறும் கட்டியை ஊறவைத்து நட்டவரின் செடி முதல் மாதம் துளிர்த்து, பிறகு வெளிறி, பூவோடு நின்றுவிடும். “எனக்குக் கைராசி இல்லை” என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். பாவம், கையில் குற்றமில்லை.

அடுத்தது தண்ணீர். தரையில் நிற்கும் செடி வெயிலுக்குப் பயந்து வேரை ஆழமாக இறக்கும். பையில் நிற்பதற்கு இறங்க இடமேது? மே மாதத் தளச்சூட்டில் ஒரு பைக்கு நாளுக்கு 2 லிட்டர் வரை கேட்கும். 50 பைக்கு 100 லிட்டர். ஏரிகள் வறண்டு நகரமே லாரிக்குக் காத்திருந்த 2019 கோடையில் அது எத்தனை குடங்கள் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்றுவது குறுக்குவழி போலத் தெரியும். உப்பு ஏறிப் பை பாழாகும். வழிந்த தண்ணீரைப் பிடிக்கத் தட்டு வைத்தால், வாரம் திரும்புவதற்குள் டெங்குக் கொசு அதில் குடும்பம் நடத்தும்.

இவ்வளவையும் தாண்டி நிற்கும் பயிர்கள் சில உண்டு. முளைக்கீரைக்கு அரையடி ஆழம் போதும், 25 நாளில் அறுக்கலாம். கடையில் வாங்கிய கீரை மாலைக்குள் வாடிவிடும். மாடிக் கீரை அடுப்பில் பருப்பு வேகும்போது பறிக்கப்படுகிறது. பச்சை மிளகாய், கத்தரி, புதினா, கறிவேப்பிலை ஆகியவையும் இந்த வகைதான்: கொஞ்சம் போதும், அடிக்கடி வேண்டும். பழைய பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்த்த பாட்டிகள் எந்தக் கையேடும் படிக்காமல் சரியான பயிரைத்தான் தேர்ந்தார்கள்.

ஆகவே குறை பையில் வளர்ப்பதில் இல்லை. வயலில் விளைவதெல்லாம் பையிலும் விளையும் என்று நம்பவைப்பதில் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை அடுத்த முறை தளை கொடுக்கும்போது 5 கிலோ மண்புழு உரத்தையும் கூடுதலாகக் கீரை விதையையும் அதில் சேர்க்கட்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் மாடியின் எடைக் கணக்கை அச்சிடட்டும்.