கில்மெயிலில் வராத பெயர்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் போர் விளையாட்டை ஆடுகிற பையன்களிடம் யார் பெரிய கை என்று கேட்டால், உடனே வீழ்த்திய கப்பல்களின் பட்டியலான கில்போர்டைத் திறந்து காட்டுவார்கள். ஒரு கப்பல் வெடித்ததும் பதிவாகும் கில்மெயிலில் சுட்ட அத்தனை பேரின் பெயரும் இருக்கும். கடைசி அடி யாருடையது என்பதும் இருக்கும். ரிப்பேர் செய்தவன் பெயர் இருக்காது. அவன் காப்பாற்றிய கப்பலுக்கோ கில்மெயிலே கிடையாது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளை எடை போட்டால் தப்பாகத்தான் போகும்.

திருவொற்றியூர்க்காரன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். ஓட்டுவது கார்டியன்; துப்பாக்கிக்குப் பதில் சக கப்பல்களின் கவசத்தைத் தூரத்திலிருந்தே சரிசெய்யும் லாஜி கப்பல். அவனுடைய கில்போர்டு கிட்டத்தட்ட வெற்றுத்தாள். பாதுகாப்பாகப் பின்னால் நின்று பொழுது போக்குகிறான் என்பது கூட்டாளிகளின் நக்கல்.

அவன் கையை ஐந்து நிமிடம் கவனித்தால் நக்கல் நின்றுவிடும். ஷீல்டு ரிப்பேர் பட்டன் அமுக்கியதும் ஏறிவிடும். கவச ரிப்பேர் அப்படியில்லை, சுற்று முடியும்போதுதான் வந்து சேரும். அடி விழுந்தபிறகு உதவி கேட்கும் பிராட்காஸ்ட் பார்த்து, அந்தக் கப்பலைக் குறிவைத்து லாக் செய்து, பட்டனைத் தட்டுகிறவன் பல நேரம் சிதைந்த கப்பலுக்குத்தான் ரிப்பேர் அனுப்புவான். ஆகவே இவன் அடி விழும் முன்பே ஆளைப் பிடிக்கிறான். எதிரணியின் படைத்தலைவர்களான எஃப்சிகளில் சிலர் இலக்குகளைப் பெயர்ப்பட்டியலில் அகர வரிசையாகவே கூப்பிடும் சோம்பேறிகள். இரண்டு கப்பல் போனதுமே அந்த வழக்கம் இவனுக்குப் பிடிபட்டுவிடும். மூன்றாவதும் நான்காவதும் ஏற்கெனவே லாக்கில் இருக்கும். கவசம் மளமளவென்று இறங்கும் ஒருவன் ‘காப்பாத்துடா’ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அவனைக் கைவிட்டு, இன்னும் ஒரு கீறலும் விழாத அடுத்தவனுக்கு ரிப்பேரைத் திருப்புவான். செத்தவன் திட்டுவான். பிழைத்தவனுக்கோ தான் பிழைத்ததே தெரியாது.

இந்தக் கைவிடும் முடிவுதான் ஆட்டத்திலேயே கடினமானது என்பது இந்தப் பத்தியின் கட்சி. வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. இங்கே கேரம் கிளப்பில் காயைப் போட்டவனுக்கு மட்டுமா கைதட்டல்? எதிராளியின் பாக்கெட்டை மறைத்துக் காயை வைத்தவனுக்கும் சபாஷ் விழும். அதே கண்கள் திரைமுன் உட்கார்ந்ததும் வெடிப்பை மட்டுமே தேடுகின்றன.

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் மூண்ட சண்டையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டண பாக்கியால் மண்டலத்தின் உரிமை கைநழுவ, 21 மணி நேரம் நடந்தது அந்தப் போர். பங்கேற்றவர்கள் 7,548 பேர், அழிந்த டைட்டன்கள் எனும் ராட்சதக் கப்பல்கள் 75, இழப்பின் மதிப்பு சுமார் 3 லட்சம் டாலர். சர்வர் தாங்காமல் ஆட்ட நேரம் பத்தில் ஒரு பங்காக மெதுவானது. அந்த 75 எல்லோருக்கும் மனப்பாடம். எத்தனை கப்பல் தப்பியது, யாரால் தப்பியது என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

இனி என்ன நடக்கும்? சர்வர் லண்டனில், தினசரி பராமரிப்பு நம் நேரம் மாலை 4.30-க்கு. ஐரோப்பியர் கூடும் வேளை நமக்கு நள்ளிரவு. அமெரிக்கர் கூடும்போது இங்கே விடிந்துவிடும். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் ஒரு டீ குடித்துவிட்டு உட்கார உகந்த நேரம். அடுத்த பெரிய சண்டைகளில் இந்தக் காலை வேளையின் லாஜி இருக்கைகளுக்கு இங்கிருந்து ஆள் போகும். 2016 நவம்பரிலிருந்து இலவசக் கணக்கும் இருக்கிறது; கார்டியன் அதில் கிடைக்காது, ஆனால் ஆகரர், ஆஸ்ப்ரே போன்ற சாதா ரிப்பேர் கப்பல்களில் கை பழகலாம்.

எதிரணிகளும் விழித்துக்கொள்ளும். அகர வரிசைச் சோம்பல் போய், முதல் அடியே லாஜிமேல் விழும். அப்போது நம்ம திருவொற்றியூர்க்காரனை எஃப்சி ஆக்கிவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். பட்டம் கொடுத்து அவனை அந்த இருக்கையிலிருந்து கிளப்பினால், அடுத்த மாதமே அந்த அணியின் கப்பல்கள் வரிசையாக எதிராளியின் கில்போர்டில் ஏறும்.