விடை தெரியாத ஆசிரியர்: குழந்தை சண்முகலிங்கத்தின் அரங்கு

குழந்தை ம. சண்முகலிங்கத்தைப் பாராட்டியவர்கள் பலர். அவரை எடைபோட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 1931இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்து 2025 ஜனவரியில் மறைந்தவர் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவற்றில் கணிசமானவை பள்ளிக்கூட மேடைக்கென்றே எழுதப்பட்டவை. அவர்மேல் வைக்கத்தக்க முதற்குறையும் அங்கேதான் பிறக்கிறது. இவர் எழுதியது நாடகமா, பாடமா? இந்தக் கேள்வியை மரியாதையின் பெயரால் ஒதுக்கிவிட்டால் அவருடைய உண்மையான சாதனையும் சேர்ந்தே மறைந்துபோகும்.

கலையரசு சொர்ணலிங்கத்திடம் நடிப்புப் பயின்றவர் அவர். பின்னர் 1970களின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கென நடந்த நாடக டிப்ளோமாவில் சேர்ந்தார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். 'கூடி விளையாடு பாப்பா' வந்ததும் அந்தக் காலத்தில்தான். பெரியவர்கள் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பிள்ளை ஒப்புவிக்கும் பள்ளி நாடகத்துக்கு அது ஒரு மாற்று. ஆட்டமும் பாட்டுமாகப் பிள்ளையின் உடல் மேடைக்கு வந்தது. ஈழத்துச் சிறுவர் அரங்கின் பேச்சு இன்றும் அந்த நாடகத்தைத் தொட்டே தொடங்குகிறது.

அவருடைய நாடகங்களின் கட்டமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கதாநாயகன் என்று ஒருவன் பெரும்பாலும் இல்லை. எடுத்துரைஞர்கள் கதையைச் சொல்கிறார்கள், குழுவினர் பாடுகிறார்கள், அந்தக் குழுவிலிருந்தே ஒருவர் பிரிந்து தாயாகிறார், தகப்பனாகிறார், பின் மீண்டும் குழுவுக்குள் கலந்துவிடுகிறார். கூத்தின் அண்ணாவியார், பிற்பாட்டு மரபுக்கும் பிரெக்டின் அரங்குக்கும் இந்த வடிவம் கடன்பட்டது என்பது வழக்கமான விளக்கம். அது சரிதான், ஆனால் போதாது. இந்த வடிவத்துக்கு வகுப்பறையும் ஒரு மூலம் என்பேன். முப்பது மாணவர் இருக்கும் இடத்தில் மூவருக்கு வேடம் கொடுத்து மற்றவரைத் திரை இழுக்க விடுவது ஆசிரியருக்கு அநீதியாகப் படும். எல்லாருக்கும் மேடையில் வேலை வேண்டும் என்ற அந்த அக்கறை எழுத்தில் ஒரு வடிவமாக விளைந்தது. பெரிய காட்சியமைப்பும் உடுப்பும் தேவைப்படாத அந்த வடிவம், கொட்டகை இல்லாத ஊருக்கும் நாடகத்தைக் கொண்டுபோக உதவியது.

அதன் பலன் 1985இல் தெரிந்தது. க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடிய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகச் சென்றது. பிட்டுக்கு மண் சுமந்த ஈசனின் கதை தெரிந்த மக்களுக்கு, மண்ணைச் சுமப்பது தாங்களே என்று அந்தத் தலைப்பே சொல்லிவிட்டது. 1983இன் தமிழருக்கு எதிரான வன்முறைக்குப் பின்னான அச்சத்தையும் கோபத்தையும் ஊர்க் கூட்டத்தின் நடுவில் வைத்துப் பேச, அதற்கிணையான வலிமையோடு வேறொரு தமிழ் நாடகம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குறையும் அங்கேயே இருக்கிறது. ஒரே குரலில் பாடும் குழுவுக்குள் மாறுபடுகிற ஒருவருக்கு இடம் குறுகிவிடுகிறது. மக்கள் என்ற சொல் மனிதர்களை விழுங்கிவிடும் ஆபத்து இந்த வடிவத்தோடு பிறந்தது. 'சத்திய சோதனை' போன்ற பள்ளி நாடகங்களில் இது இன்னும் வெளிப்படை. பரீட்சைக்காக மட்டும் பிள்ளையை ஓட்டும் கல்வியை ஓர் ஆசிரியரே குற்றக்கூண்டில் ஏற்றிய துணிவு பெரிது. ஆனால், தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பார்வையாளருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. தாய்மாருக்கும் இதே கதிதான். அவருடைய தலைப்புகளிலேயே தாய் திரும்பத் திரும்ப வருகிறாள். சமூகத்தின் துயரம் முழுவதையும் அவள் சுமக்கிறாள். தனக்கென்று ஓர் ஆசையோ பிழையோ அவளுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

ஆனால், 1990களின் தொடக்கத்தில் எழுதியவற்றில் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. 'அன்னை இட்ட தீ' போர் மனத்தில் உண்டாக்கிய காயங்களைப் பேசுகிறது. 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துவிடப்பட்ட முதியோரைப் பற்றியது. பிள்ளையைக் காப்பாற்ற அனுப்பி வைத்தவர்களே அந்தப் பிரிவில் உருகுகிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது? போனவர்களையா, போகச் சொன்னவர்களையா? ஆசிரியரிடம் இதற்கு விடை இல்லை. விடை இல்லாததால் வசனம் தணிகிறது, மௌனம் வேலை செய்கிறது, வகைமாதிரிகளாக நின்றவர்கள் ஆட்களாகிறார்கள். போரின் நடுவே இருந்துகொண்டு, வீரத்தைப் பாடாமல் தனிமையைப் பேசிய நாடகம் இது.

ஆக, இவர் எழுதியது பாடமா என்ற கேள்விக்கு என் விடை இது: பள்ளி நாடகங்களில் பல பாடம்தான், அவை தம் காலத்துக்குரிய வேலையைச் செய்து முடித்தன. 'மண் சுமந்த மேனியர்' வரலாற்றில் நிற்கும். அதை இன்று அப்படியே மேடையேற்றினால் அன்றைய கூட்டத்தின் மூச்சு இல்லாமல் மெலியும். 'எந்தையும் தாயும்' மட்டும் எந்த ஊரிலும் எந்தத் தலைமுறைக்கும் ஆடத்தக்கது. கனடாவிலும் லண்டனிலும் இன்று முதியவர்களாகிக்கொண்டிருக்கும் அன்றைய பிள்ளைகளுக்கு அது இன்னும் கூர்மையாகவே படும்.

அச்சிட்ட பிரதியை மட்டும் வாசித்து அவரை அளப்பவர்கள் ஏமாறுவார்கள். பாட்டின் மெட்டும் குழுவின் அசைவும் இல்லாத பக்கங்களில் பாதி நாடகம்தான் இருக்கிறது. மீதி, அவரோடு ஆடியவர்களின் தொண்டையிலும் காலிலும் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அறுபது கடந்துவிட்டது. நினைவுமலர் போடுவதற்கு முன் அவர்களை உட்கார வைத்து, அந்த மெட்டுகளைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.