அன்பின் பதினைந்து வினைகள்

கிறிஸ்தவ அன்பின் இலக்கணம் எது என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது ஒரே இடத்தைத்தான்: பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 13ஆம் அதிகாரம். மொத்தம் 13 வசனங்கள். அவற்றிலும் அன்பின் குணங்களைச் சொல்பவை 4 முதல் 7 வரையுள்ள நான்கே. கல்யாணப் பத்திரிகையிலும் வரவேற்பறைச் சுவரிலும் ஏறியவை இவைதாம். இத்தனை புழங்கிய பனுவலை எடைபோடுவது கடினம். பழக்கம் அதன்மேல் மெழுகு பூசிவிடுகிறது. மெழுகைச் சுரண்டிப் பார்த்தால் வாழ்த்துப்பாவின் அடியில் ஒரு கண்டனம் இருக்கிறது.

கொரிந்து, கி.மு. 146இல் ரோமரால் தரைமட்டமாக்கப்பட்டு, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் முயற்சியால் மறுபடி குடியேற்றப்பட்ட நகரம். இரு துறைமுகங்களுக்கு நடுவில் இருந்ததால் பணம் புரண்டது. புதுப்பணம் புது மரியாதையைத் தேடியது. கி.பி. 50களின் நடுவில் பவுல் எபேசுவிலிருந்து எழுதியபோது அங்கிருந்த சிறு சபை கட்சி கட்டிக்கொண்டு நின்றது. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். திருவிருந்தில் இருப்பவன் குடித்து வெறிக்க, இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்தான். அந்நிய பாஷை பேசும் வரம் அந்தஸ்தின் அடையாளமாகியிருந்தது. 12ஆம் அதிகாரம் வரங்களை வரிசைப்படுத்துகிறது. 14ஆம் அதிகாரம் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே திடீரென்று நடை மாறுவதால், 13ஆம் அதிகாரம் தனியே எழுதப்பட்டுப் பின்னால் செருகப்பட்டது என்று வாதிட்டவர்கள் உண்டு.

சொற்களை எண்ணிப் பார்த்தால் அந்த வாதம் நிற்பதில்லை. இறுமாப்பைக் குறிக்கப் பவுல் எடுக்கும் கிரேக்க வினைக்கு நேர்ப்பொருள் காற்றடைத்து ஊதிப்போதல். புதிய ஏற்பாட்டில் அது ஏழு இடங்களில் வருகிறது. ஆறு இந்த ஒரே நிருபத்தில். 4, 5, 8ஆம் அதிகாரங்களில் கொரிந்தியர்மேல் நேராகவும் சாடையாகவும் வீசிய அதே சொல்லைத்தான் 13இல் அன்பு செய்யாததாகச் சொல்கிறார். பொறாமை 3ஆம் அதிகாரத்துக் குற்றச்சாட்டு. தன்னலம் தேடுவது 10ஆம் அதிகாரத்தில் ஏற்கெனவே கண்டிக்கப்பட்டது. அதாவது இந்தக் குணப்பட்டியல் கொரிந்தியரின் குற்றப்பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தது. பொதுவான அன்பை வானத்திலிருந்து வரையறுக்க வந்தவர் எழுதியதாக இது இல்லை. வெண்கலத்துக்குப் பேர்போன ஊருக்கு வெறுமனே ஒலிக்கும் வெண்கலத்தை உவமை காட்டிய குறும்பும் அந்த நோக்கத்தோடு பொருந்துகிறது.

முறையைப் பொறுத்தவரை பவுலின் சாதனை பெரிது. இந்த நான்கு வசனங்களில் பதினைந்து பயனிலைகள், பதினைந்தும் வினைகள், எட்டு எதிர்மறை. அன்பு இன்னது என்று அவர் சொல்லவில்லை. இன்னது செய்கிறது, இன்னது செய்யாது என்றுதான் சொல்கிறார். ஆங்கிலம் இவற்றில் பலவற்றைப் பெயரடையாக்கி, நடத்தையைச் சுபாவமாக மாற்றிவிட்டது. தமிழ் இங்கே பெரும்பாலும் தப்பித்தது. ‘-ஆது’ என்று முடியும் நம் எதிர்மறை வினைமுற்று, மறுப்பை ஒரே சொல்லுக்குள் இறுக்கிப் பிடிக்கும். எதிர்மறைகள் அடுத்தடுத்து விழும்போது கிரேக்கத்தின் தாளம் ஏறக்குறைய அப்படியே கேட்கிறது. ஆனால் முதல் இரண்டு வினைகள் சாந்தமும் தயவும் ‘உள்ளது’ என்று உடைமைப் பொருளாகிவிட்டன. பொறுத்துக்கொள்வது வேறு, பொறுமை உள்ளதாக இருப்பது வேறு.

தமிழ் உண்மையிலேயே சறுக்கும் இடம் ஒன்பதாவது வினை. சில ஆண்டுகளுக்கு முன் தெற்கே ஒரு சிற்றூர்த் திருமணத்துக்குப் போயிருந்தேன். ஆலயத்தில் போதகர் இந்த அதிகாரத்தை வாசித்து முடித்து, கூட்டம் பக்கத்து மண்டபத்துக்கு நகர்ந்தது. வாசலில் மேசை போட்டு, நீள நோட்டில் பெயர், ஊர், தொகை என்று மணமகனின் சித்தப்பா மொய் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் ஐந்நூற்றொன்று வைத்துவிட்டுப் பந்திக்குப் போனதும், பழைய நோட்டு ஒன்றைப் புரட்டி, ‘நாம அவங்க வீட்டுக்கு ஆயிரத்தொன்னு வச்சோம்’ என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். பவுலின் வினை அந்த மேசையைச் சேர்ந்தது. வணிகர் கணக்கில் வரவு வைப்பதற்குப் புழங்கிய சொல் அது. பிறர் செய்த தீங்கை நோட்டில் ஏற்றாது என்பதே பொருள். நம் சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்போ அதைத் தீங்கு நினைப்பது என்று திருப்பியிருக்கிறது. நியாயமாகச் சொன்னால், அதற்கும் ஆதாரம் உண்டு: சகரியா 8:17இன் கிரேக்க வடிவத்தில் இதே வினை, மனத்துக்குள் அயலானுக்குத் தீமை எண்ணுவது என்று கொள்ளும்படி வருகிறது. ஆனாலும் பவுல் இரண்டாம் நிருபத்தில் கடவுள் மனிதரின் மீறுதல்களை எண்ணாதிருந்ததைச் சொல்லும்போது (5:19) கையாள்வது கணக்கு என்ற பொருளைத்தான். எழுதியவரின் வழக்கே மேலான சாட்சி. தீங்கு நினைக்காதவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய நோட்டைப் புரட்டாதவர்கள்தான் அபூர்வம்.

குறைக்கு வருவோம். பதினைந்து வினைகளுக்கும் எழுவாய் அன்பு. யாரை நேசிப்பது என்பது எங்கும் இல்லை. அயலான் இல்லை, பகைவன் இல்லை. இன்னும் வியப்பு, அதிகாரம் முழுவதும் கடவுள் பெயரோ கிறிஸ்துவின் பெயரோ இல்லை. மலைப்பிரசங்கத்தின் கூர்முனை பகைவரை நேசிப்பது. அந்த முனை இங்கே மழுங்கிக் கிடக்கிறது. சபைக்குள் நடந்த சண்டைக்கு எழுதிய மருந்துச்சீட்டு என்பதால் அது மன்னிக்கத்தக்கது. அதையே கிறிஸ்தவ அன்பின் முழு இலக்கணமாக்குவதுதான் மன்னிக்கத்தக்கதன்று.

அன்புக்குப் பவுல் எடுக்கும் கிரேக்கச் சொல்லான அகாப்பேயிலேயே முழு இறையியலும் அடங்கியிருப்பதாக எழுதியவர்களும் இந்தப் பிழைக்குத் துணைபோனார்கள். ஸ்வீடனின் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரன் 1930களில் வேட்கையைச் சொல்லும் எரோஸையும் அகாப்பேயையும் இரு துருவங்களாக நிறுத்தியது கட்டமைப்பில் கச்சிதம், சான்றில் பலவீனம். அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த கதையில், அவனுடைய இச்சைக்கும் எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பு இதே சொல்லைத்தான் போடுகிறது. சொல்லுக்குப் புனிதம் பிறவியில் இல்லை, வினைகள்தான் கொடுத்தன. தமிழில் கேள்வி இன்னும் நுட்பமாகிறது. குறள் தொடர்புடையார்மேல் செல்லும் அன்பை இல்லறத்திலும் (8ஆம் அதிகாரம்), எல்லா உயிர்மேலும் செல்லும் அருளைத் துறவறத்திலும் (25ஆம் அதிகாரம்) வைத்தது. கொரிந்து சபையின் உள்விவகாரத்துக்கு ‘அன்பு’ துல்லியமான தேர்வு. பகைவரை நேசிக்கும் கட்டளைக்கு அந்தச் சொல் கொஞ்சம் இறுக்கமான சட்டை.

கடைசி நான்கு வினைகளில்தான் உண்மையான அபாயம். எல்லாவற்றையும் தாங்கும், நம்பும், எதிர்பார்க்கும், சகிக்கும்: நான்கிலும் ‘எல்லாம்’, எதற்கும் எல்லை இல்லை. சந்தத்துக்கு இது உச்சம், சிந்தனைக்குச் சரிவு. 1960இல் இறையியலாளர் வாலரி சேவிங் எழுதிய கட்டுரை இறையியலை இந்த இடத்தில்தான் பிடித்தது: பாவம் என்றால் அகந்தை, அன்பு என்றால் தன்னை இழப்பது என்பது ஆணின் அனுபவத்திலிருந்து வரைந்த படம்; தன்னை ஏற்கெனவே இழந்து நிற்கும் பெண்ணுக்கு அதே மருந்து நஞ்சாகலாம். கொரிந்தின் ஊதிப்போன மனிதர்களுக்கு எழுதிய சீட்டை அடிபட்டு நிற்பவள் கையில் கொடுப்பது மருத்துவமாகாது.

பவுலும் எல்லாவற்றையும் தாங்கவில்லை. இதே நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்தவனைச் சபையிலிருந்து விலக்கச் சொல்கிறார். அன்பு செய்யாது என்று அவர் சொல்லும் சினமடைதல் இருக்கிறதே, அதன் பெயர்ச்சொல்லையே அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா, பர்னபாவும் பவுலும் சண்டையிட்டுப் பிரிந்த இடத்தில் போடுகிறார். இதை முரண் என்று கொண்டாட வேண்டியதில்லை. பட்டியலை எழுதியவர் அதற்கு வெளியே நின்று எழுதவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

என் மதிப்பீடு இது: நோய் கண்டறிவதில் இந்த நான்கு வசனங்களுக்கு இணை குறைவு, வரையறையாகக் கொண்டால் குறைபாடு தெளிவு. அந்தக் குறையைப் பனுவலே பாதி அடைக்கிறது. ‘எல்லாம்’ நான்கும் 7ஆம் வசனத்தில் வருகின்றன. அதற்குச் சற்று முன்பே, 6இல், அன்பு அநியாயத்தில் மகிழாது, உண்மையோடு சேர்ந்தே மகிழும் என்ற நிபந்தனை நிற்கிறது. தாங்குவதற்குப் பவுல் எடுக்கும் வினையும் கூரையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. மழையைத் தாங்குவது, உள்ளே இருப்பவரைக் காப்பது, மூடி மறைப்பது என மூன்றுக்கும் இடம் தருவது. எந்தப் பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை 6ஆம் வசனத்துக்கே உண்டு.

அந்தத் திருமணத்தில் போதகர் 6ஆம் வசனத்தை ஒரே மூச்சில் கடந்தார். 7க்கு வந்ததும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு ‘எல்லாவற்றுக்கும்’ ஒரு நிறுத்தம் கொடுத்து, மணமகளைப் பார்த்தார்.