எட்டும் இடத்தில் ஒரு ஜிப்

ஆணின் பேன்ட் ஜிப் திறந்திருந்தால் அதைச் சொல்ல நம்மிடம் ஒரு வேடிக்கை வாசகம் இருக்கிறது: "போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கு." சொல்பவரும் சிரிப்பார், கேட்டவரும் சிரித்தபடி திரும்பி நின்று இழுத்துவிட்டுக்கொள்வார். அத்தோடு முடிந்தது. பெண்ணின் சுடிதாரில் முதுகு ஜிப் இறங்கியிருந்தால் வேடிக்கைக்கு இடமில்லை. பின்னாலிருந்து ஒரு கை அவசரமாக வந்து துப்பட்டாவை இழுத்து மூடும். "பார்த்து வரமாட்டியாடி?" என்றொரு கிசுகிசுப்பு. அன்று முழுவதும் அந்தப் பெண் சுவரோரமாகவே நடப்பாள். பள்ளத்தூரில் பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். பொருள் ஒன்றுதான், ஓரிடத்தில் சிரிப்பு, மற்றோரிடத்தில் மானம். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதவளைப் பார்த்து, 'பார்த்து வரமாட்டியா' என்று கேட்கிறோம்.

ஜிப்பின் வரலாற்றிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. 1893இல் சிகாகோவின் விட்கோம்ப் ஜட்சன் காலணிக்காக ஒரு கொக்கிப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்வந்த வடிவங்களைப் பாவாடைகளில் தைத்தபோது அவை நினைத்த நேரத்தில் வாய்பிளந்தன. ஸ்வீடனில் பிறந்த பொறியாளர் கிடியன் சுண்ட்பெக்தான் இன்றைய வடிவத்துக்கு வந்து சேர்ந்தவர். அங்குலத்துக்கு நான்காக இருந்த பிடிப்புகளைப் பத்து, பதினொன்றாக நெருக்கினார். ஒரு பல்லின் மேடு எதிர்ப்பல்லின் குழியில் உட்காரும். நம் தையல்காரர்கள் 'ரன்னர்' என்று சொல்லும் இழுப்பான் இரு வரிசைகளையும் சேர்த்தும் பிரித்தும் செல்லும். 1917இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முதலில் வாங்கியவர்களில் கடற்படை வீரர்கள் உண்டு, இடுப்பில் கட்டும் பணப்பைக்காக. 'ஜிப்பர்' என்ற பெயர் 1923இல் குட்ரிச் நிறுவனத்தின் ரப்பர் காலணியோடு வந்தது.

1930களில் அமெரிக்காவில் குழந்தைகளின் உடைக்கு ஜிப்பை விற்றபோது சொன்ன காரணம், பிள்ளைகள் யார் துணையுமின்றித் தாமே உடுத்திக்கொள்ளலாம் என்பது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஆண்களின் கால்சட்டையில் பொத்தானின் இடத்தை அது பிடித்தது, கைக்கு நேராக, முன்னால். பெண்களின் கவுனிலோ அது பக்கவாட்டுக்கும் முதுகுக்கும் போனது. பெண்கள் கால்சட்டை அணியத் தொடங்கிய பிறகும் நெடுங்காலம் ஜிப்பைப் பக்கத்தில்தான் வைத்தார்கள். முன்னால் திறப்பது ஆணுக்குரியதாம். குழந்தைக்குக் கொடுத்த தன்னுதவி பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. முன்பக்கம் பார்ப்பவருக்காக வழவழவென்று இருக்க வேண்டும். திறப்பும் மூடலும் பின்னால், இன்னொருவர் கையில்.

என் அப்பத்தாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. கண்டாங்கியைச் சுற்றி, கொசுவத்தைப் பின்னால் வைத்துச் செருகிக்கொள்வார். பூட்டும் கிடையாது, பல்லும் கிடையாது. இடுப்பில் சுருக்குப்பை. வெற்றிலை, சில்லறை, அலமாரிச் சாவி எல்லாம் அதற்குள். கயிற்றை இழுத்தால் மூடும், விரலை விட்டால் திறக்கும். கடற்படை வீரர் ஜிப் வைத்து வாங்கிய வசதியை அவர் கயிற்றிலேயே வைத்திருந்தார். அம்மா காலத்து ஜாக்கெட்டிலும் கொக்கி முன்னால்தான். பிள்ளை அழுதால் இரண்டு கொக்கியைக் கழற்றினால் போதும். பின்னால் திறக்கும் ஜாக்கெட்டும் முதுகு ஜிப் சுடிதாரும் நாகரிகம் என்று வந்தன. அவற்றோடு, உடுத்த ஒரு துணை வேண்டும் என்ற நிலையும் வந்தது.

இதற்கு மாறாக வந்தது நைட்டி. அதை அழகில்லாத உடை என்று ஏளனம் செய்யும் எழுத்தாளர்களைப் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்தவர்கள் அல்லர். கழுத்திலிருந்து இறங்கும் ஒரு முன் ஜிப். தாய்மார்களுக்கென்று மடிப்புக்குள் மறைந்த இரண்டு ஜிப். ஒரு கையில் பிள்ளை, மறு கையால் இழுத்தால் போதும். என் மகள் பிறந்த ஆறு மாதம் நான் அதற்குள்தான் வாழ்ந்தேன். பெண்ணின் கைக்கு எட்டும் இடத்தில் ஜிப் வைத்த உடை நம் வீடுகளில் அது ஒன்றாகவே இருந்தது. ஊர்க்கட்டுப்பாடும் அதன் மேல்தான் பாய்ந்தது. 2018இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளியில், பகலில் நைட்டி அணியும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் வெகுமதி என்று ஊரார் விதித்தார்கள். நம் தெருவில் அபராதம் இல்லை, துண்டு இருக்கிறது. பால் வாங்க வாசலுக்கு வரும்போது நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறோமே, அது எதை மறைக்கிறது? உடம்பை ஏற்கெனவே துணி மறைத்துவிட்டது. மிச்சமிருப்பது அந்த ஜிப்தான், இவள் தானாகத் திறந்து மூடிக்கொள்ள முடியும் என்ற செய்தி.

சென்ற ஆண்டு என் வலது தோள் இறுகிப்போனது. நாற்பதைத் தாண்டிய பெண்களில் பலருக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். கை முதுகுப் பக்கம் போகவே இல்லை. மகள் வெளியூரில் படிக்கிறாள். வீட்டில் நான் மட்டும். கல்லூரிக்குக் கிளம்பும் காலையில் பாதி ஏறி நின்ற ஜிப்போடு கண்ணாடி முன் நின்றேன். ரன்னர் துளையில் நூல் கோத்துத் தோள் வழியே இழுத்துப் பார்த்தேன். பல்லில் மெழுகுவத்தி தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் எதிர்வீட்டு அக்காவின் கதவைத் தட்டி முதுகைக் காட்டி நின்றேன். அவர் சிரித்தபடி இழுத்துவிட்டார். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் கேட்டு வாங்க வேண்டிய அன்பு சீக்கிரமே கூச்சமாகிவிடுகிறது. தனியாக வாழும் பெண்ணை நம் ஊர் "உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி என் சட்டையிலேயே தைக்கப்பட்டிருந்தது.

ஐந்து சுடிதாரையும் எங்கள் தையல்காரம்மாவிடம் எடுத்துப்போனேன். முதுகு ஜிப்பைப் பிரித்துவிட்டு முன்னால் வைக்கச் சொன்னேன்.

"முன்னால வச்சா நல்லா இருக்காதே டீச்சர்."

"கை எட்டுமே."

அவர் சற்று யோசித்தார். பிறகு தன் தோளைத் தொட்டுக்காட்டி, "எனக்கும் ரெண்டு வருஷமா இதுதான்" என்றார். அளவு நாடாவை எடுத்துக் கழுத்திலிருந்து கீழே அளந்தார். ஒன்பது அங்குலம்.

இப்போது வகுப்பில் மாணவிகள் அந்த ஜிப்பைக் கவனிக்கிறார்கள். ஒருத்தி எங்கே தைத்தது என்று கேட்டாள். முகவரி கொடுத்தேன்.