எழுதியவர் வாசிக்கட்டும்

மாதம் ஒருமுறை கூடி இலக்கியம் பேசும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. கூடிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

சென்னையில் 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடி வந்தது. ஆழ்வார்பேட்டை ஸ்ரீனிவாச காந்தி நிலையம் பல ஆண்டுகள் அதன் இடமாக இருந்தது. அந்த மாதத்து இதழ்களில் வந்த சிறுகதைகளையெல்லாம் ஒருவர் படித்துவிட்டு வந்து, சிறந்தது எது, ஏன் என்று சொல்வார். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளும் தொகுப்பாகும். இது வளர்ந்ததற்கு அமைப்பாளர்களின் விடாப்பிடி ஒரு காரணம். வாராவாரம் கதை வெளியிட்ட இதழ்கள் இன்னொரு காரணம். அச்சாகிவிட்ட கதையைக் கூட்டம் எடை போட்டது.

இலங்கையில் இதழ்கள் குறைவு, புத்தகச் சந்தை சிறியது. எழுதியதைக் கொண்டுபோக இடம் வேண்டும். அந்த இடமாகக் கூட்டமே அமைந்தது. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம், சுருக்கமாக வகவம், பௌர்ணமி தோறும் கவியரங்கு நடத்தி வந்திருக்கிறது. அங்கே போயா தினம் எனப்படும் பௌர்ணமி அரசு விடுமுறை என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். தலைமை தாங்குபவர் பெயர் சொல்லி அழைக்க, ஒருவர் பின் ஒருவராக எழுந்து தம் கவிதையைத் தாமே வாசிக்கிறார்கள். நூல் வெளியீடுகளிலும் இதே நெருக்கம்தான். வந்தவர்கள் வரிசையாக மேடைக்குப் போய், உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் பிரதி பெறுகிறார்கள். சொந்தச் செலவில் அச்சிட்டவருக்கு அந்த உறைகள் பெரிய ஆதரவு.

உள்நாட்டுப் போர் இலங்கைத் தமிழரை நாட்டைவிட்டுத் துரத்தியபோதும் இந்தப் பழக்கம் அறுபடவில்லை. 1988இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்தோர் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, நிரந்தர நிர்வாகம் இல்லாமலே, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊரார் பொறுப்பேற்க நகர்ந்துகொண்டே போனது. 41ஆவது சந்திப்பு 2013இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. எனக்கு இதைவிட வியப்பான வளர்ச்சி தெரியாது.

இலங்கைக் கவியரங்குகளில் குறை இல்லாமல் இல்லை. வாசித்த கவிதை தேறவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அங்கே பலருக்கும் மனம் வருவதில்லை. அந்தக் கறாரில் தமிழகக் கூட்டங்கள் ஒரு படி மேல். ஆனால் இங்கே பேச்சே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. வாழ்த்துரை, சிறப்புரை, மதிப்புரை எல்லாம் முடிந்து, எழுதியவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிட ஏற்புரை. நூலிலிருந்து ஒரு பக்கம்கூட யார் காதிலும் விழுவதில்லை. நெல்லையில் ரசிகமணி டி.கே.சி., வட்டத்தொட்டி என்ற தம் இலக்கியக் கூட்டத்தில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி நண்பர்களைக் கேட்க வைத்தவர். எழுதியதைக் காதால் கேட்டு ரசிப்பது தமிழகத்துக்கும் புதிதல்ல.

கூட்டம் நடத்தும் நண்பர்களே, சிறப்புரைகளில் ஒன்றைக் குறையுங்கள். முதல் அரை மணி நேரத்தை எழுதியவரின் வாசிப்புக்குக் கொடுங்கள். விமர்சனத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.