சுட்ட பின்னர் அந்த முகம்

1962ஆம் ஆண்டு தொடங்கி 2021 வரை ஈயான் நிறுவனம் எடுத்த 25 திரைப்படங்களில் ஜேம்ஸ் பாண்ட் என்னும் ஆங்கிலேய உளவாளியாக ஆறு நடிகர்கள் தோன்றியிருக்கின்றனர். அவர்களுள் சிறந்தவர் யார் என்னும் வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. நடையழகு, உடையழகு, பெண்களை நோக்கும் பார்வை, நகைச்சுவை ஆகியவற்றை வைத்தே பெரும்பாலோர் தீர்ப்பெழுதுகின்றனர். நாம் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். இவனுக்கு அவனது அரசு வழங்கியுள்ள தனிச்சிறப்பு, கொல்வதற்கான உரிமம். அவ்வாறாயின், ஒருவனைக் கொன்ற பிறகு வரும் இரண்டு மூன்று விநாடிகளில் அந்த முகம் என்ன செய்கிறது என்று பார்ப்பதே முறையான சோதனை அன்றோ? இறப்பு வீடுகளில் அடிக்கடி நிற்க நேர்ந்த நமக்கு அந்த விநாடிகளை எளிதில் கடந்துபோக இயலவில்லை.

இந்தச் சோதனை நாம் வலிந்து புகுத்தியதன்று. இயான் ஃபிளெமிங் 1953இல் வெளியிட்ட முதல் நாவலாகிய 'கேசினோ ராயல்' இதனைத் தானே எழுப்புகிறது. சித்திரவதைக்குப் பின் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பாண்ட், தான் செய்த முதல் இரு கொலைகளை நண்பன் மாத்திஸிடம் விவரிக்கிறான். ஸ்டாக்ஹோமில் கத்திக்கு இரையானவன் விரைவில் சாகவில்லை என்பதை அவன் மறக்கவில்லை. இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்றும் வாதிடுகிறான். எழுத்தில் தொடக்கத்திலேயே இருந்த அந்த உறுத்தல் திரைக்கு வந்தபோது காணாமற் போயிற்று.

அதைக் காணாமற் போகச் செய்தவர் ஷான் கானரி. 'டாக்டர் நோ' படத்தில் பேராசிரியர் டென்ட் கொல்லப்படும் காட்சியை நினைவுகூர்வோம். பாண்ட் இருட்டறையில் தனியே அமர்ந்து சீட்டாடிக் காத்திருக்கிறான். டென்ட் வந்து, ஆள் உறங்குவதாக எண்ணிக் கட்டிலைச் சுட்டுத் தீர்க்கிறான். பின்னர் நடக்கும் உரையாடலின்போது கீழே கிடக்கும் துப்பாக்கியை மெல்ல இழுத்தெடுக்கிறான். அதில் குண்டில்லை என்பது பாண்டுக்கு முன்பே தெரியும். அதை அமைதியாக எடுத்துரைத்துவிட்டுச் சுடுகிறான். விழுந்தவனின் முதுகில் மீண்டும் ஒரு முறை சுடுகிறான். அந்த இரண்டாம் குண்டுக்கு எந்தத் தேவையும் இல்லை. அதன்பின் ஒலியடக்கியைக் கழற்றும் கானரியின் முகத்தில் வெறுப்பில்லை, மகிழ்ச்சியில்லை, சோர்வுமில்லை. எழுதி முடித்த பேனாவை மூடிவைப்பவனின் முகம் அது. எடின்பரோவில் பால் வண்டி ஓட்டியும் சவப்பெட்டிக்கு மெருகேற்றியும் பிழைத்த தொழிலாளி வீட்டுப் பிள்ளையாகிய கானரி, வேலையை வேலையாகவே செய்யும் மனிதனின் உடல்மொழியை நன்கறிந்தவர். அதனை அப்படியே கொலைக்குப் பொருத்திவிட்டார்.

அடுத்த ஆண்டு வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் இரயில் பெட்டிச் சண்டையை உலகம் போற்றுகிறது, நாமும் மறுக்கவில்லை. ராபர்ட் ஷாவும் கானரியும் அந்தக் குறுகிய இடத்தில் மோதுவதைப் பார்க்கையில் இரண்டு உயிர்களும் உண்மையாகவே ஊசலாடுகின்றன. ஆயினும் எதிரி மாண்டவுடன் அவனிடமிருந்த தன் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பாண்ட், அவன் தன்னை ஏளனமாய் விளித்த சொல்லாலேயே பிணத்தை விளிக்கிறான். அரங்கம் சிரிக்கிறது. கானரி திறமையற்ற நடிகராக இருந்திருப்பின் நாம் கவலைப்பட்டிருக்க மாட்டோம். அறுவரிலும் திரையை முழுமையாக நிறைத்தவர் அவரே. அதனால்தான் அவருடைய அமைதி அத்துணை எளிதாக நம்முள் இறங்கிவிடுகிறது.

1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் நடித்த ரோஜர் மூரை இலேசானவர் என்று ஒதுக்குவது விமர்சகர் வழக்கம். அவ்வழக்கில் நமக்கு முழு உடன்பாடில்லை. மூரின் உலகில் எவனும் சாவதில்லை. பொம்மைகள் விழுகின்றன, புருவம் ஒன்று உயர்கிறது, அவ்வளவே. குழந்தைகளின் விளையாட்டில் 'செத்தவன்' எழுந்து வீட்டுக்குப் போவதைப் போன்றது அது. 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தில் கெய்ரோ மாடியொன்றின் விளிம்பில் ஒருவன் பாண்டின் கழுத்துப்பட்டியைப் பற்றித் தொங்குகிறான். வேண்டிய செய்தி கிடைத்ததும் பாண்ட் அதைத் தட்டிவிடுகிறான், பிறகு ஒரு வேடிக்கைப் பேச்சு. ஆனால் அதே படத்தில் இரஷ்ய உளவாளி ஆன்யா, தன் காதலனைக் கொன்றவன் நீயா என்று கேட்கும்போது, மூர் அந்தப் புருவத்தை அடக்கிக்கொண்டு, ஆம் என்று ஒப்புக்கொள்ளும் காட்சியும் உள்ளது. கொல்லப்பட்டவனுக்கும் ஒரு வீடு இருந்தது, அவனுக்காகக் காத்திருக்க ஒருத்தி இருந்தாள் என்பதை இத்தொடரில் பாண்டின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்ன அரிய தருணம் அது. மூர் அதைத் தாங்கினார். 1981இல் வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யில், மலை விளிம்பில் தொங்கும் காரைக் காலால் உதைத்துத் தள்ளும் காட்சியை நடிக்க அவர் தயங்கினார் என்பதும் தெரிந்த செய்தி. தன் பாண்டுக்கு அது பொருந்தாது என்பது அவர் எண்ணம். நடிகரின் மனச்சான்று எழுத்தாளரின் மனச்சான்றைவிடக் கூர்மையாயிருந்த வேளை அது.

மூரின் இலேசுத்தன்மைக்கு ஒரு விலையும் உண்டு. உதயப்பூரில் படமாக்கப்பட்டு 1983இல் வெளிவந்த 'ஆக்டபுஸி'யில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், தம் பெயரையே தாங்கிய உதவியாளராக வருகிறார். பாம்பாட்டியாய்க் குழல் ஊதுகிறார், ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்கிறார். பின்னர் கொடிய முறையில் கொல்லப்படுகிறார். கதை அதிகம் தாமதியாமல் ஜெர்மனிக்குப் போய்விடுகிறது. விளையாட்டில் செத்தவர்களுள் எழுந்து வீட்டுக்குப் போகாதவர் யார் என்று பார்த்தால், அது பெரும்பாலும் உள்ளூர்த் துணைவன்தான்.

திமோத்தி டால்டன் வந்தது 1987இல். இரண்டே படங்கள். மேடையில் ஷேக்ஸ்பியரை நடித்துப் பழகிய இவர், ஃபிளெமிங்கின் நாவல்களைத் திரும்பப் படித்து அந்த உறுத்தலை மீட்டெடுக்க முயன்றார். தொல்காப்பியர் சொல்லும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் என ஒன்றுண்டு. மற்ற பாண்டுகளிடம் பெருமிதமும் நகையும் மிகுதி. தன் தொழிலின்மீதே இளிவரல் கொண்ட முகம் டால்டனுடையது. 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தின் பிராட்டிஸ்லாவா காட்சியில், சன்னலில் துப்பாக்கியுடன் தெரியும் பெண்ணைக் கொல்லும்படி அவருக்குக் கட்டளை. தொழில் தெரிந்த கை துப்பாக்கியைப் பிடிக்கும் முறை அதுவன்று எனக் கண்டு, அவளைச் சுடாமல் அவள் ஆயுதத்தைச் சுடுகிறார். உடனிருந்த அதிகாரி சாண்டர்ஸ் சினக்கும்போது, இதற்காகத் தலைவர் தம்மை வேலையை விட்டு நீக்கினால் நன்றி கூறுவேன் என்கிறார். அதில் நகைச்சுவை துளியும் இல்லை.

அதே சாண்டர்ஸ் பின்னர் வியன்னாவின் பிராட்டர் பூங்காவில், கண்ணாடிக் கதவொன்றின் சூழ்ச்சியால் நசுங்கி இறக்கிறார். கொலைகாரன் விட்டுச்சென்ற பலூன் உருண்டு வருகிறது. டால்டன் அதைக் கைக்குள் பிடித்து உடைக்கிறார். அடுத்த கணம் பலூன்களைக் கண்ட திசையில் பாய்ந்து துப்பாக்கியை நீட்டுகிறார். எதிரே நிற்பவர்கள் ஒரு தாயும் பிள்ளையும். அந்தக் குழந்தையின் பார்வைக்கு முன் அவர் துப்பாக்கியை இறக்கும் விதம் இருக்கிறதே, நாம் இந்தத் தொடர் முழுவதிலும் மிக மதிப்பது அதனைத்தான். சினம் தன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்பது அவர் கண்களில் தெரிகிறது.

'லைசன்ஸ் டு கில்' (1989) இதைவிடத் துணிச்சலானது, இதைவிடக் குறையுடையதும்கூட. நண்பன் லைட்டரின் மனைவி திருமண இரவிலேயே கொல்லப்பட, பாண்டின் உரிமம் பறிக்கப்படுகிறது. இனி அவன் செய்வதெல்லாம் வெறும் பழிவாங்கல். மணமக்கள் பரிசாகத் தந்த சிகரெட் பற்றவைப்பானாலேயே பகைவனை எரித்துவிட்டு, உடல் முழுதும் இரத்தமும் புழுதியுமாக டால்டன் வழியோரம் சாய்ந்து அமர்கிறார். அங்கே வெற்றி இல்லை. படம் அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்து வரும் விருந்துக் காட்சியில், மனைவியைப் பறிகொடுத்துச் சில நாளே ஆன லைட்டர் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் உற்சாகமாய்ப் பேசுகிறார்! நடிகர் கட்டியதைத் தயாரிப்பாளர் இடித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பியர்ஸ் பிராஸ்னன் 1995 முதல் 2002 வரை நான்கு படங்களில், கானரியின் உறுதியையும் மூரின் குறும்பையும் அளவறிந்து கலந்தார். கலவை இனிமையானது, எதுவும் அடியில் தங்குவதில்லை. 'தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்' படத்தில் எலக்ட்ராவைச் சுட்டபின் குனிந்து அவள் கூந்தலைத் தொடும் அந்தக் கணம் மட்டும் விதிவிலக்கு. அவர் கைகளுக்கு இன்னும் சொல்ல இருந்தது. அதற்கு இடந்தான் தரப்படவில்லை.

டேனியல் கிரெய்க்கைப் பற்றிய நம் எண்ணம் பொதுக்கருத்தோடு முழுதும் ஒட்டாது. 2006இன் 'கேசினோ ராயல்' நல்ல படம். மாடிப்படிகளில் இருவரைக் கொன்றுவிட்டு, குளியலறைக் கண்ணாடியின் முன் இரத்தத்தைக் கழுவி, மதுவை விழுங்கி, தன்னையே உற்றுப் பார்க்கும் கிரெய்க்கை மறக்க முடியாது. உடைகளோடு குளியல் நீரின் கீழ் நடுங்கி அமர்ந்திருக்கும் வெஸ்பரின் அருகே அவர் அமர்வதையும் மறக்க முடியாது. 53 ஆண்டுகளுக்குமுன் ஃபிளெமிங் எழுதிய உறுத்தலுக்குத் திரையில் இடம் கிடைத்துவிட்டது எனலாம். ஆயின் அடுத்தடுத்த படங்களில் அந்தத் துயரமே ஓர் அனுமதிச் சீட்டாக மாறுகிறது. இவன் வருந்துகிறான், ஆகவே கொல்லலாம். இவன் காயப்பட்டவன், ஆகவே கேள்வி கேட்க வேண்டாம். 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' படத்தில், தன் கைகளில் உயிர்விட்ட மாத்திஸின் உடலைக் குப்பைத் தொட்டியில் போட்டு, அவன் பணப்பையிலிருந்த பணத்தையும் எடுத்துக்கொள்கிறான் பாண்ட். கானரி பகைவனிடம் செய்ததை இவன் நண்பனிடம் செய்கிறான். நமக்குக் கோபம் வராததற்குக் காரணம், கிரெய்க்கின் கண்களில் உள்ள அந்த வலி. கானரி நம்மை உணர்ச்சியற்றவர்களாக்கினார். கிரெய்க் நம் உணர்ச்சியையே கொலைக்குச் சாட்சியாக அழைக்கிறார். இரண்டில் எது அதிகத் தீங்கு என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும். நம் ஐயம் பின்னதன் பக்கம் சாய்கிறது.

ஒருவரை விட்டுவிட்டோம். 1969இல் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' என்னும் ஒரே படத்தில் நடித்த ஆஸ்திரேலிய விளம்பர மாடல் ஜார்ஜ் லேசன்பி. நடிப்புப் பயிற்சி இல்லாதவர். பல காட்சிகளில் அது தெரிகிறது. இறுதியில், மணமுடித்துச் சில நாழிகையே ஆன மனைவி டிரேசி குண்டுக்கு இரையாகிறாள். வழிக்காவலர் வந்து நிற்க, அவள் ஓய்வெடுக்கிறாள் என்று லேசன்பி மெல்லச் சொல்லி அவளை அணைத்துக்கொள்கிறார். முதல் முறை நடிக்கையில் தாம் அழுதுவிட்டதாகவும், பாண்ட் அழமாட்டான் என்று இயக்குநர் பீட்டர் ஹன்ட் மீண்டும் எடுத்ததாகவும் அவர் பின்னாளில் கூறினார். கண்ணீர் தடுக்கப்பட்ட அந்த இரண்டாம் முறையே படத்தில் உள்ளது. கற்ற நடிப்பு எதுவும் கைகொடுக்காத ஒரு மனிதன், என்ன செய்வதென்று தெரியாமல் பிணத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் முகம் அது. இறப்பு வீடுகளில் நாம் காணும் முகமும் அதுவே.

1971இல் கானரி திரும்பி வந்து கொலைகாரனைத் தேடியபோது டிரேசியின் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை. 1981இல்தான், மூர் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு மலர் வைத்துத் தலைகுனிந்து நிற்கிறார். உடனே ஆலயக் குருவானவர் விரைந்து வந்து, அலுவலகத்திலிருந்து அழைப்பு என்கிறார். ஹெலிகாப்டர் வந்து இறங்குகிறது.